கால் நனைக்க முடியாத கடற்கரை விடுதி: கிழக்குக் கடற்கரைச் சாலையில் இரண்டு இரவுகள்

என் அம்மாவுக்கு எழுபத்து நான்கு வயது. காங்கேயத்துக்குப் பக்கத்தில் ஒரு சிற்றூரில் பிறந்து, அதே ஊரில் மணமாகி, கிணற்றுப் பாசனத்தோடும் மாடுகன்றுகளோடும் வாழ்ந்தவர். கடலை அவர் இதுவரை பார்த்தது மூன்றே முறை: இராமேசுவரத்தில் ஒருமுறை, திருச்செந்தூரில் இருமுறை. மூன்றும் கோயிலுக்குப் போன இடத்தில், கூட்டத்தோடு கூட்டமாக நின்று, பேருந்து புறப்படும் நேரத்தை நினைத்துக்கொண்டே பார்த்தவை. "கடல் கிட்டப் போயி ஒருநா சும்மா உக்கோந்திருக்கோணும் அம்முணி" என்று பல ஆண்டுகளாகச் சொல்லிக்கொண்டிருந்தார். இந்த ஆண்டு பெற்றோரின் ஐம்பதாவது மணநாள் பிப்ரவரியில் வந்தது. நான் தாம்பரத்தில் இருப்பவள். கோவளத்துக்கும் மாமல்லபுரத்துக்கும் இடையே கடலை ஒட்டியிருக்கும் ஒரு விடுதியில், ஊரிலிருந்து வந்த அவர்களுக்கு ஓர் அறையும் எனக்கும் கணவருக்கும் ஓர் அறையுமாக இரண்டு இரவுகளுக்குப் பதிவு செய்தேன். அந்த அனுபவத்தைத்தான் இங்கே எழுதுகிறேன். வயதானவர்களை அழைத்துக்கொண்டு அந்தச் சாலையில் விடுதி தேடும் ஒருவருக்காவது இது பயன்பட வேண்டும் என்பதால் விரிவாகவே எழுதுகிறேன்.

அறை வாடகை ஓர் இரவுக்கு 9,500 ரூபாய். நாள் வாடகை 7,500 ரூபாயைத் தாண்டும் அறைகளுக்கு 18 விழுக்காடு வரி உண்டு என்பதால், வரியோடு சேர்த்து ஓர் அறைக்கு ஓர் இரவுக்கு 11,210 ரூபாய். இரண்டு அறை, இரண்டு இரவு என்று மொத்தம் 44,840 ரூபாயை முன்கூட்டியே கட்டினேன். எங்கள் குடும்பத்துக்கு இது யோசித்துச் செலவழிக்கும் தொகை. அதனால் பணம் கட்டுவதற்கு முன் விடுதியைத் தொலைபேசியில் அழைத்து மூன்று கேள்விகள் கேட்டேன். அம்மாவுக்கு இரண்டு முழங்காலிலும் அறுவை சிகிச்சை ஆகியிருக்கிறது, தரைத்தளத்தில் அறை கிடைக்குமா என்பது முதல் கேள்வி. அறையிலிருந்து மணல்வரை படி ஏறி இறங்காமல் நடக்க முடியுமா என்பது இரண்டாவது. படத்தில் காட்டியிருக்கும் அகலமான மணற்பரப்பு இப்போதும் அப்படியே இருக்கிறதா என்பது மூன்றாவது. மூன்றாவது கேள்வியை நான் வேண்டுமென்றே கேட்டேன். மழைக்காலம் முடிந்து இரண்டு மாதமே ஆகியிருந்தது, அந்தக் கரையில் பல இடங்களில் மணல் குறைந்துகொண்டே வருவதைச் சாலையில் போகும்போது கண்ணால் பார்த்திருந்தேன். "ஆமாம் மேடம், ரூமை விட்டு இறங்கினா நேரா பீச்தான்" என்று மறுமுனையில் இருந்தவர் கொஞ்சமும் தயங்காமல் சொன்னார். தரைத்தள அறையையும் குறித்துக்கொண்டதாகச் சொன்னார்.

சனிக்கிழமை பிற்பகல் இரண்டு மணிக்கு அறை தருவதாகச் சொல்லியிருந்தார்கள். மூன்றேகால் மணிவரை வரவேற்புக்கூடத்தில் உட்கார்ந்திருந்தோம். காத்திருந்ததை நான் பெரிதாகச் சொல்லவில்லை, வார இறுதியில் எங்கேயும் நடப்பதுதான். ஆனால் கடைசியில் தந்த அறை முதல் மாடியில் இருந்தது, மின்தூக்கி கிடையாது. தரைத்தள அறைகள் அனைத்தும் ஒரு திருமண வீட்டாருக்கு முன்பே ஒதுக்கப்பட்டுவிட்டனவாம். நான் பேசிய தேதியையும் நேரத்தையும் கைப்பேசியில் எடுத்துக் காட்டிய பிறகு, கட்டடத்தின் பின்பக்கத்தில் தரைத்தளத்தில் ஓர் அறையைத் திறந்துகொடுத்தார்கள். கடல் பக்க அறைக்கு வாங்கிய அதே வாடகைக்கு, சன்னலைத் திறந்தால் மின்னாக்கியும் சலவைத்துணி உலர்த்தும் கம்பிகளும் தெரிகிற அறை. அப்பா வாதத்தை விரும்பாதவர். "உட்றும்மா, படுக்கத்தானே போறோம்" என்று பையை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

அறையில் பையை வைத்த கையோடு அம்மா கடலுக்குப் புறப்பட்டுவிட்டார். புல்வெளியைக் கடந்து போனால் அதன் முடிவில் துருப்பிடித்த இரும்புக் கைப்பிடி ஒன்று. அதற்குக் கீழே ஆள் உயரப் பள்ளம். பள்ளத்தில் மணல் இல்லை. லாரியில் கொண்டுவந்து கொட்டிய கருங்கற்கள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்தன. அலை அந்தக் கற்களில் நேராக மோதித் தெறித்துக்கொண்டிருந்தது. கீழே இறங்குவதற்கு முன்பு மரப்படி இருந்திருக்கிறது. அதன் கீழ்ப்பாதி உடைந்து போயிருந்ததால் மேலே ஒரு கயிற்றைக் குறுக்காகக் கட்டியிருந்தார்கள். மாலையில் நீர் சற்று வடிந்தபோது கற்களுக்கு அப்பால் ஏழெட்டு அடி அகலத்துக்கு ஈரமணல் தெரிந்தது. அவ்வளவுதான் கரை. அம்மா கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நெடுநேரம் நின்றார். "இத்தன தூரம் வந்துட்டு காலக்கூட நனைக்காமப் போறதா கண்ணு?" என்று கேட்டார். கோபமாகக் கேட்டிருந்தால்கூட எனக்கு எளிதாக இருந்திருக்கும். அவர் உண்மையிலேயே வேறு வழி இருக்கிறதா என்றுதான் கேட்டார்.

விடுதியின் விளம்பரப் படத்தை அங்கேயே நின்று மீண்டும் எடுத்துப் பார்த்தேன். படத்தில் புல்வெளியின் ஓரத்தில் ஐந்து தென்னைகள் வரிசையாக நிற்கின்றன. அவற்றுக்கு முன்னால் சாய்வு நாற்காலிகள், அதற்கப்பால் நாற்பது ஐம்பது அடிக்குக் குறையாத மணல், பிறகு கடல். இப்போது அந்த ஐந்து தென்னைகளில் இரண்டுதான் நிற்கின்றன. அவற்றில் ஒன்றின் வேர் பாதி வெளியே தெரிகிறது. ஆக, படம் பொய்யான படமன்று, பழைய படம். எத்தனை ஆண்டு பழையது என்று வரவேற்பில் கேட்டேன், யாரும் பதில் சொல்லவில்லை. பக்கத்துக் குப்பத்தில் வலை பின்னிக்கொண்டிருந்த முதியவர் ஒருவர் கேட்காமலே சொன்னார்: "இங்க மண்ணு நின்னு நாலு வருசம் ஆச்சும்மா. மழைக்காலத்துல மொத்தமா வாரிக்கினு பூட்சு."

இந்த இடத்தில் கடலின் பக்கத்து நியாயத்தையும் சொல்ல வேண்டும். சோழமண்டலக் கரையில் மணல் ஓரிடத்தில் நிற்பதில்லை. தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் அலைகள் மணலைத் தெற்கிலிருந்து வடக்கே நகர்த்துகின்றன; வடகிழக்குப் பருவக்காற்றின் காலத்தில் அது திரும்பித் தெற்கே வருகிறது. ஆண்டு முழுவதும் கூட்டிக் கழித்துப் பார்த்தால் வடக்கு நோக்கிப் போவதே மிகுதி. இந்த ஓட்டத்தின் குறுக்கே கல்லைப் போட்டு ஒரு துறைமுகச் சுவரோ, கரையிலிருந்து கடலுக்குள் நீளும் கற்சுவரான தூண்டில் வளைவோ கட்டினால், அதன் தெற்குப் பக்கத்தில் மணல் சேரும், வடக்குப் பக்கத்தில் கரை அரிக்கப்படும். சென்னைத் துறைமுகம் கட்டப்பட்ட பிறகு அதற்குத் தெற்கே மெரினா அகன்றதும், வடக்கே இராயபுரம், திருவொற்றியூர்ப் பக்கம் வீடுகளையே கடல் கொண்டுபோனதும் இதனால்தான். புதுச்சேரியில் 1980களின் இறுதியில் துறைமுகச் சுவர் எழும்பிய பின் நகரத்தின் முன்னிருந்த மணற்கரை மறைந்து வெறும் கற்கரை ஆனதும் இதே கதை. ஓரிடத்தைக் காப்பாற்றப் போட்ட கல் அடுத்த இடத்தின் மணலைப் பறிக்கிறது. அந்த அடுத்த இடத்துக்காரர் தம் பங்குக்குக் கல்லைக் கொட்டுகிறார். விடுதியின் முன்னால் கிடக்கும் கற்களும் இப்படித்தான் வந்திருக்க வேண்டும். எனவே மணல் போனதற்காக நான் இந்த விடுதியைக் குற்றம் சொல்லவில்லை. அவர்களுக்கும் அது இழப்புதான். மணல் போனது தெரிந்தும், அதையே குறிப்பாகக் கேட்ட ஒருவருக்கு இருக்கிறது என்று பதில் சொல்லிப் பணம் வாங்கியதற்காகவே இதை எழுதுகிறேன்.

மேலாளரிடம் பேசியபோது அவர் ஒரு மாற்று வழி சொன்னார்: முன்வாசல் வழியாக வெளியே வந்து, சாலையோரமாக நடந்து, குப்பத்துச் சந்து வழியாகப் போனால் மணல் வரும். நானும் என் கணவரும் நடந்து பார்த்தோம். முக்கால் கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. நடைமேடை இல்லாத அந்தச் சாலையில் வார இறுதி மாலையில் வண்டிகள் எந்த வேகத்தில் போகும் என்பது சென்னைக்காரர்கள் எல்லோருக்கும் தெரியும். அம்மாவை அந்த வழியில் நடத்திக்கொண்டு போக முடியாது. விடுதியின் மின்கல வண்டியில் சந்துவரை கொண்டுபோய் விடும்படி கேட்டோம். அது வளாகத்துக்குள் மட்டும்தான் ஓடும் என்றார்கள். சாமான் ஏற்றும் அந்த வண்டி நாங்கள் இருந்த இரண்டு நாளும் பெரும்பாலும் சும்மாவே நின்றது.

விளம்பரத்தில் இன்னொரு சொல் இருந்தது: விடுதி விருந்தினருக்கு மட்டுமான தனிக் கடற்கரை. இதைப் படிக்கும் எல்லோரும் ஒன்றைத் தெரிந்துகொள்வது நல்லது. நம் நாட்டில் அலை ஏறி இறங்கும் கரை யாருக்கும் தனிச்சொத்தாவதில்லை. கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை 1991-இல் முதலில் வந்தபோதும், 2011-இல் மாற்றி எழுதப்பட்டபோதும், கடற்கரை விடுதிகளுக்கு விதித்த நிபந்தனைகளில் ஒன்று, பொதுமக்கள் கரைக்குப் போகும் வழியை வேலி போட்டு மறிக்கக் கூடாது என்பதாகும். குப்பத்து மக்கள் வலை உலர்த்தவும் படகு இழுக்கவும் தலைமுறை தலைமுறையாகப் புழங்கிய கரையைத் தனிக் கரை என்று விற்பதே தவறு. அந்தக் கரையும் இப்போது இல்லை என்பது வேறு செய்தி.

கடலில் இறங்குவது பற்றி விடுதியில் எந்த அறிவுரையும் கிடைக்கவில்லை. இது எனக்கு மிகவும் கவலை தந்தது. கைப்பிடியை ஒட்டி ஒரு சிறு பலகையில் சொந்தப் பொறுப்பில் இறங்கவும் என்று மட்டும் எழுதியிருந்தது. உயிர்காப்பாளர் இல்லை, மிதவை வளையம் இல்லை, கொடி இல்லை. ஞாயிறு காலையில் திருமணத்துக்கு வந்திருந்த நான்கு இளைஞர்கள் கயிற்றைத் தாண்டிக் கற்கள்மேல் குதித்துக் கடலில் இறங்கினார்கள். இந்தக் கரையில் அலை கல்லில் மோதித் திரும்பும் இடங்களில், ஏறி வந்த தண்ணீர் ஒரு குறுகிய தடத்தில் கூடி வேகமாக உள்ளே திரும்பும். அந்தத் தடத்தில் அலை உடையாது. அதனால் பார்ப்பவர்களுக்கு அதுவே அமைதியான, பாதுகாப்பான இடம்போலத் தோன்றும். அதில் அகப்பட்டவர் கரையை நோக்கி எதிர்த்து நீந்தினால் களைத்துவிடுவார். கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தித்தான் அதிலிருந்து விலக வேண்டும். இதைச் சொல்ல ஒரு பலகை போதும், பணிபுரியும் ஒருவருக்கு ஒருநாள் பயிற்சி போதும். அந்த இளைஞர்களைக் கூப்பிட்டு மேலே ஏறச் சொன்னது விடுதிக்காரர்கள் அல்லர். கரையோரமாகப் படகில் போன மீனவர் ஒருவர்தான் கையை ஆட்டி, சத்தம் போட்டு விரட்டினார். மாமல்லபுரம் பக்கத்துக் கடலில் குளிக்கப் போனவர்கள் இறந்த செய்தி எத்தனை முறை நாளிதழில் வருகிறது என்பதை நினைத்தபோது எனக்கு உடல் நடுங்கியது.

அறையைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். படுக்கை விரிப்பு துவைத்ததுதான். ஆனால் சரியாக உலராமல் ஈர வாடை அடித்தது. குளிர்சாதனம் வேலை செய்தது. குழாயில் வந்தது உப்புத் தண்ணீர், சோப்பு நுரைக்கவே இல்லை. கடலோரத்தில் நிலத்தடி நீர் உவர்ப்பது இயல்பே. பதினோராயிரம் ரூபாய் வாங்கும் இடத்தில் குளிக்கவாவது நல்ல தண்ணீர் தந்திருக்கலாம். குளியலறைக்கு நான்கு அங்குல உயரத்தில் ஒரு வாசற்படி, உள்ளே வழவழப்பான தரை, பிடித்துக்கொள்ள ஒரு கம்பிகூட இல்லை. முதல் நாள் இரவு அம்மா கழிவறைக்குப் போகும்போதெல்லாம் அப்பா எழுந்து கையைப் பிடித்துக்கொண்டு போயிருக்கிறார். அவருக்கு எழுபத்தெட்டு வயது. மறுநாள் காலையில்தான் எனக்கு இது தெரிந்தது. பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றும் இரண்டு ரப்பர் விரிப்பும் கேட்டோம். நாற்காலி வந்தது, விரிப்பு வரவில்லை.

சனிக்கிழமை இரவைப் பற்றி அப்படிச் சுருக்க முடியாது. புல்வெளியில் திருமண வரவேற்பு. திருமணம் நடப்பதில் எனக்கு எந்த மனத்தாங்கலும் இல்லை. மணமக்களை அம்மா தூரத்திலிருந்தே வாழ்த்திவிட்டுத்தான் உள்ளே வந்தார். ஆனால் ஒலிபெருக்கி இரவு 12.40 வரை ஓடியது. இரவு பத்து மணியிலிருந்து காலை ஆறு மணிவரை திறந்தவெளியில் ஒலிபெருக்கி வைக்கக் கூடாது என்று ஒலி மாசு விதிகள் 2000-ஆம் ஆண்டிலிருந்தே சொல்கின்றன. பத்தரை மணிக்கு ஒருமுறையும் பதினொன்றரை மணிக்கு ஒருமுறையும் வரவேற்பில் போய்ச் சொன்னேன். "இன்னும் பத்து நிமிஷம் மேடம்" என்பதே இரண்டு முறையும் கிடைத்த பதில். அந்த வார இறுதியில் திருமண நிகழ்ச்சி இருப்பதைப் பதிவு செய்யும்போதே சொல்லியிருந்தால் நாங்கள் வேறு தேதிக்கு மாற்றியிருப்போம்.

விளக்குகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். கடலை நோக்கி ஆறு பெரிய வெள்ளை விளக்குகள், நிகழ்ச்சி முடிந்த பிறகும் விடியும்வரை எரிந்தன. சனவரியிலிருந்து மார்ச்வரை பங்குனி ஆமைகள் எனப்படும் கடலாமைகள் இந்தக் கரைக்கு முட்டையிட வரும் காலம். ஓர் ஆமை மணலில் குழி தோண்டி நூறுக்கும் மேற்பட்ட முட்டைகளை இட்டு மூடிவிட்டுப் போகும். ஒன்றரை மாதத்துக்குப் பிறகு குஞ்சுகள் பெரும்பாலும் இரவில் வெளிவரும். வந்ததும் அவை வெளிச்சமாகத் தெரியும் பக்கத்தைக் கடல் என்று எண்ணிப் போகும். மனிதர்கள் விளக்குப் போடாத காலத்தில் அது சரியாக இருந்தது. இன்று கடலைவிடப் பளிச்சென்று விடுதிகளும் சாலையும் தெரிவதால் குஞ்சுகள் அந்தப் பக்கம் திரும்பிச் சாகின்றன. சென்னையில் 1980களின் இறுதியிலிருந்தே மாணவர்கள் ஒவ்வோர் ஆண்டும் இந்த மாதங்களில் இரவெல்லாம் கரையில் நடந்து முட்டைகளை எடுத்துப் பாதுகாத்து வருகிறார்கள். 2025 சனவரியில் நூற்றுக்கணக்கான ஆமைகள் இறந்து சென்னைப் பக்கத்துக் கரைகளில் ஒதுங்கியபோது எல்லாச் செய்தித்தாள்களும் எழுதின. கடலின் பெயரைச் சொல்லித் தொழில் செய்பவர்கள், அந்த மூன்று மாதங்களில் இரவு பதினொரு மணிக்கு மேல் கடலோர விளக்குகளையாவது அணைக்க வேண்டும். நான் இதை மேலாளரிடம் சொன்னபோது அவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். ஆனால் ஞாயிறு இரவும் ஆறு விளக்குகளும் எரிந்தன.

சாப்பாடு சுமார். காலையில் இட்லி, பொங்கல், வடை நன்றாகவே இருந்தன. தேங்காய்ச் சட்னி புதிதாக அரைத்தது, அப்பா இரண்டாம் முறையும் கேட்டு வாங்கினார். மதியமும் இரவும்தான் ஏமாற்றம். கடலோரம் வந்திருக்கிறோமே என்று மீன் வறுவல் கேட்டோம். வந்தது உறைபெட்டியிலிருந்து எடுத்த, முள்ளில்லாத, வாசனையும் இல்லாத வெளியூர் பாசா மீன். விடுதியிலிருந்து நடந்தால் பத்து நிமிடத்தில் குப்பம். காலை ஏழு மணிக்குப் பைபர் படகுகள் கரையேறும்போது நான் அங்கே இருந்தேன். சங்கராவும் நெத்திலியும் காரப்பொடியும் கூடை கூடையாக இறங்கின; ஒரு படகில் நல்ல வஞ்சிரம் நான்கு இருந்தது. வாங்க வந்தவர்கள் சாலையோரச் சிறு உணவகக்காரர்களும் இரு சக்கர வண்டிப் பெண் வியாபாரிகளும்தான். விடுதியிலிருந்து ஒருவரும் வரவில்லை. விருந்தினருக்கு முள் பிடிக்காது என்று பரிமாறியவர் சொன்னார். கேட்பவருக்காவது தரலாமே என்பதுதான் என் எண்ணம். ஞாயிறு மதியம் அந்தச் சாலையோர உணவகம் ஒன்றில் நெத்திலி வறுவலும் சங்கரா மீன் குழம்பும் வாங்கிவந்து அறையில் வைத்துச் சாப்பிட்டோம். நான்கு பேருக்கு 760 ரூபாய் ஆனது. இந்த இரண்டு நாளில் அம்மா வயிறாரச் சாப்பிட்டது அந்த ஒரு வேளைதான்.

கிளம்பும்போது உணவுக்கான கணக்கில் 6,480 ரூபாயோடு பத்து விழுக்காடு சேவைக் கட்டணமாக 648 ரூபாயும், அதையும் சேர்த்து வரியும் போட்டிருந்தார்கள். சேவைக் கட்டணம் கட்டாயமன்று. உணவகங்கள் அதைத் தாமாகவே கணக்கில் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 சூலையில் வழிகாட்டுதல் வெளியிட்டது. அது செல்லும் என்று தில்லி உயர் நீதிமன்றம் 2025 மார்ச்சில் தீர்ப்பளித்தது. இதை எடுத்துச் சொன்னதும் மறுபேச்சில்லாமல் நீக்கிவிட்டுப் புதிய கணக்குத் தந்தார்கள். அவ்வளவு விரைவாக நீக்கியதிலிருந்தே, கேட்பவருக்கு மட்டும் நீக்குவது அங்கே வழக்கம் என்று தெரிந்தது. கேட்காதவர்கள் கட்டிவிட்டுப் போகிறார்கள். அந்தப் பணம் பரிமாறும் பிள்ளைகளுக்குப் போகிறதா என்று அவர்களில் ஒருவரிடம் தனியாகக் கேட்டேன். இல்லை என்று தலையசைத்தார். அவர் கையில் கொடுக்க வேண்டியதை நான் நேராகவே கொடுத்தேன்.

பணியாளர்களைப் பற்றி எனக்கு ஒரு குறையும் இல்லை. பெரும்பாலோர் ஒடிசாவிலிருந்தும் அசாமிலிருந்தும் வந்த இளைஞர்கள். இருபதுக்கும் மேற்பட்ட அறைகளோடு ஒரு திருமணத்தையும் சேர்த்துக் கவனிக்கும் அளவுக்கு அங்கே ஆள் இல்லை. அவர்களில் ஒருவர், தமிழ் பத்துச் சொல்கூடத் தெரியாதவர், அம்மா கைப்பிடியருகே நிற்பதைப் பார்த்துவிட்டு யாரும் சொல்லாமலே ஒரு நாற்காலியைத் தூக்கிவந்து போட்டார். மாலையில் குடையும் கொண்டுவந்து வைத்தார். இரண்டு நாளும் அம்மா கடலைப் பார்த்தது அந்த நாற்காலியிலிருந்துதான். கற்களுக்கு மேலே தெறித்த திவலை முகத்தில் பட்டபோது சிரித்தார். அந்தப் பிள்ளைக்குக் கிடைக்க வேண்டிய பாராட்டை விடுதியின் மதிப்பெண்ணோடு நான் கலக்க விரும்பவில்லை.

ஊர் திரும்பிய மூன்றாம் நாள் விடுதி நிர்வாகத்துக்கு எல்லாவற்றையும் தேதியோடும் படங்களோடும் எழுதி அனுப்பினேன். ஒரு வாரம் கழித்துப் பதில் வந்தது: வருத்தம் தெரிவித்து, ஆறு மாதத்துக்குள் மீண்டும் வந்தால் வாடகையில் 20 விழுக்காடு தள்ளுபடி என்று. மணல் பற்றி நான் எழுதிய நான்கு பத்திகளுக்கு அதில் ஒரு வரியும் இல்லை. தள்ளுபடி வேண்டாம், கடல் பக்க அறைக்குக் கட்டிய பணத்தில் பின்பக்க அறைக்கான வித்தியாசத்தைத் திருப்பித் தாருங்கள், விளம்பரப் படத்தை மாற்றுங்கள் என்று மறுபடி எழுதினேன். பதில் இல்லாததால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகாரைப் பதிவு செய்திருக்கிறேன். ஐந்தில் இரண்டு என்பதே இந்த விடுதிக்கு நான் தரும் மதிப்பெண். அந்த இரண்டில் ஒன்று காலை உணவுக்கு, மற்றொன்று கேட்டதும் மறுக்காமல் சேவைக் கட்டணத்தை நீக்கியதற்கு.

வயதானவர்களோடு அந்தச் சாலையில் எங்கே தங்குவதாக இருந்தாலும், விளம்பரப் படத்தை விட்டுவிட்டு, கரை இன்று காலையில் எப்படி இருக்கிறது என்று கைப்பேசியில் ஒரு படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். நேர்மையான விடுதிக்கு அது இரண்டு நிமிட வேலை. தரைத்தள அறையின் எண்ணை எழுத்தில் வாங்குங்கள். குளியலறை வாசற்படியையும் கைப்பிடியையும் பற்றிக் கேளுங்கள். அந்தத் தேதியில் திருமணமோ நிறுவன விழாவோ உண்டா என்று கேட்கத் தவறாதீர்கள். எண்ணெய்க் குளியலுக்கு வெந்நீர் கிடைக்குமா என்று கேட்பதுபோல உயிர்காப்பாளர் உண்டா என்றும் கூச்சப்படாமல் கேட்டுவிடுங்கள்.

திங்கள்கிழமை தாம்பரத்துக்கு நேரே திரும்பாமல் மெரினாவுக்குப் போனோம். அங்கே மாற்றுத்திறனாளிகளுக்காக 2022 நவம்பரில் திறந்த மரப்பாதை இருக்கிறது. திறந்த சில நாட்களிலேயே மாண்டஸ் புயலில் சேதமாகி, பிறகு சரிசெய்தார்கள். 263 மீட்டர் நீளம், படி எதுவும் இல்லை, கட்டணமும் இல்லை. அம்மா அதில் என் கையைக்கூடப் பிடிக்காமல் மெதுவாக நடந்தார். பாதை முடிந்த இடத்திலிருந்து தண்ணீர்வரை நானும் என் கணவரும் இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டோம். முதல் அலை கணுக்காலில் ஏறி இறங்கியபோது, காலடி மண் நழுவுவதைப் பார்த்து, "அய்யோ, மண்ணு ஓடுது அம்முணி" என்றார். அப்பா செருப்புகளைக் கையில் பிடித்தபடி பின்னால் நின்றார். வெயில் ஏறும்வரை, ஏறக்குறைய ஒரு மணி நேரம், அங்கேயே இருந்தோம்.